மழுங்காத பிரஷ்

தினமும் குளிக்கப் போகுமுன் அவர் துண்டைக் கட்டிக்கொண்டு, ஈரம் படாத உடம்பில் பிரஷ்ஷைப் போட்டுத் தேய்க்கிறார். சரக், சரக். பாதம், முழங்கால், தொடை என்று எல்லாம் நெஞ்சைப் பார்த்து மேல்நோக்கித்தான். தப்பித்தவறிக் கீழ்நோக்கி ஓர் இழுப்பு இழுத்துவிட்டால் மறுபடி பாதத்திலிருந்து ஆரம்பம். "தண்ணி பட்டாப் போச்சு. காஞ்ச தோலு, காஞ்ச பிரஷ்ஷு. ரத்தம் அப்படியே ஜிவ்வுனு ஏறும் பாரு" என்பது அவர் கட்சி.

செருப்புக் கடையில் இருபத்தாறு வருஷமாக விற்பனையாளர். வாசலில் நுழையும் காலைப் பார்த்தே ஏழா எட்டா என்று சொல்லிவிடுவார். கடையில் அவருக்கு அளவுகோல் என்றுதான் பெயர். ஊரார் கால்களோடு நாளெல்லாம் மல்லுக்கட்டுகிறவருக்குத் தன் கால்மேல் திடீர்க் காதல் வந்ததில் மனைவிக்கு முதலில் சிரிப்புத்தான். "இன்னும் ரெண்டு தேய் தேச்சா பாலிஷ் ஏறிடும். அப்படியே போய் ஷோகேஸ்ல உக்காந்துக்குங்க" என்பாள்.

ஒரே வருஷத்தில் மூன்று பிரஷ். முதலாவது மெத்தென்ற முடி. "மழுங்கிப் போச்சும்மா, பாதத்துல வெச்சா சுருக்குன்னே இல்ல" என்று அதை ஓரங்கட்டிவிட்டு நார் வைத்ததை வாங்கினார். அதுவும் மழுங்கிற்றாம். இப்போது இருப்பது தரை கழுவும் பிரஷ்ஷுக்கு உடன்பிறப்பு. சர்க்கரை இருக்கிறதா பார்க்கச் சொல்லி டாக்டர் கொடுத்த சீட்டு எட்டு மாதமாக அலமாரியில் தூங்குகிறது. "இதத் தேச்சாலே எல்லாம் சரியாப் போயிடும்" என்று அதற்கும் ஒரு பதில்.

இன்று காலை அந்த அலமாரியைத் துடைத்தவள் கையில் இரண்டாவது பிரஷ் அகப்பட்டது. ஒரு நார்கூட வளையவில்லை. சும்மா புறங்கையில் ஓர் இழுப்பு இழுத்தாள். சுரீரென்றது. தோலில் வரிவரியாகச் சிவப்பு. அவளுக்குப் பகீரென்றது. பிரஷ் புதுசு போலத்தான் இருக்கிறது. அப்படியானால் அவருக்கு ஏன் சுருக்கென்று இல்லை?

நேரே அவரிடம் போனாள். "கண்ண மூடுங்க. பிரஷ் எங்க படுதுன்னு சொல்லுங்க."

"என்னம்மா, திடீர்னு சேவையெல்லாம் பலமா இருக்கு?"

"மூடுங்கன்னா மூடுங்க!"

முழங்காலில் வைத்தாள். "ஆ! முட்டி, முட்டி! மெதுவாம்மா" என்று துள்ளினார். அவளுக்குப் பாதி உயிர் வந்தது. பிறகு அவர் பாதத்தைத் தூக்கி, உள்ளங்காலில் சத்தமில்லாமல் நாரை ஊன்றி அழுத்தினாள். இன்னும் அழுத்தினாள்.

அவர் மூடிய கண்ணோடு சிரித்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். "காலத் தூக்கி வெச்சுக்கிட்டு என்ன யோசனை? எப்ப ஆரம்பிக்கப் போற?"

அவளுக்குப் பிரஷ்ஷை எடுக்கக் கை வரவில்லை. அவர் கண்ணைத் திறந்தார். தன் உள்ளங்காலில் நார் புதைந்து கிடப்பதைப் பார்த்தார். சிரிப்பு அப்படியே நின்றுபோயிற்று.

குனிந்து, சுண்டுவிரலில் தொடங்கி ஒவ்வொரு கால்விரலாகக் கிள்ளிப் பார்த்துக்கொண்டே வந்தார்.