அபின் கடை போர்டும் செல்வியின் குழந்தையும்

1. முதல் நாள்

பிள்ளைகளே, 2006-இல் நான் சிதம்பரத்திலிருந்து தினமும் பஸ் ஏறி, கடலூர் முதுநகரில் ஒரு மெடிக்கல் ஷாப்புக்கு சேல்ஸ்மேன் வேலைக்குப் போனேன். முதல் நாளே முதலாளி ராஜமாணிக்கம் சுவரில் தொங்கிய துருப்பிடித்த தகரப் பலகையைக் காட்டினார்.

"எங்க தாத்தாவோட அபின் கடை போர்டு. வெள்ளக்காரன் லைசன்ஸ் குடுத்த கடை."

அபின் கடையா என்று விழித்தேன். சிரித்தார்.

"அப்ப மருந்துக்கும் அதான், போதைக்கும் அதான். அழுவுற புள்ளைக்குத் துளி குடுத்துத் தூங்க வெச்சிட்டு வேலைக்குப் போவாங்க. வெள்ளக்காரன் வரி வாங்குனாலும் கொஞ்சங்கொஞ்சமாக் கட்டுப்படுத்துனான். ஒரு ஆளுக்கு இவ்ளோதான்னான், வெலய ஏத்துனான், கடையில ஒக்காந்து குடிக்கக் கூடாதுன்னான். யாவாரம் போச்சின்னு தாத்தா திட்டாத நாள் இல்ல. ஆனா வாங்குற ஜனம் கொறஞ்சிது. அதப் பாத்து அவரே ஒரு ரூல் சேத்தாரு. புள்ளைக்குன்னு கேட்டா, புள்ளையக் காட்டணும்."

அபினிலிருந்து எடுக்கிற கோடீன் கலந்த இருமல் சிரப்புக்கு எங்கள் கடையில் அதே சட்டம்தான். டாக்டர் சீட்டு வேண்டும், ஒருவருக்கு ஒரு பாட்டில்தான். குழந்தைக்கென்று கேட்டால் முதலாளி குழந்தையைப் பார்த்து டாக்டரிடம் அனுப்புவார், சிரப் தரமாட்டார்.

2. செல்வி

மீன் விற்கிற செல்வி ஒருநாள் காலை கூடையோடு வந்தாள்.

"அண்ணே, எம் புருசன் குடிக்கிற இருமல் மருந்து ஒண்ணு குடு. புள்ளைக்குச் சளி."

"புள்ள எங்க?" என்றார் முதலாளி.

"வூட்ல தூங்குது."

"தூக்கிட்டு வா."

"என்னண்ணே, எம் புள்ளைய மாப்ள பாக்கப் போறியா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். நல்ல வாடிக்கை போகிறதே என்று எனக்குச் சங்கடம். முதலாளி அசையவில்லை.

திட்டிக்கொண்டே போனவள், அதே வேகத்தில் குழந்தையோடு வந்தாள். "இந்தா, நல்லாப் பாத்துக்க!"

குழந்தையின் தலை தோளில் துவண்டு கிடந்தது. முதலாளி உள்ளங்காலைச் சுண்டினார். அது அழவில்லை. மூச்சு விட்டுவிட்டு வந்தது.

"ஏற்கெனவே குடுத்துட்டியாம்மா?"

"விடிகாலையில... ஒரு மூடிதாண்ணே. அதோட பாட்டில் தீந்துடுச்சி." அவள் குரல் இறங்கிவிட்டது.

"ஆட்டோவப் புடிய்யா!" என்று என்னிடம் கத்தினார். கடையை என்னிடம் விட்டுவிட்டு அவரே அவளோடு பெரியாஸ்பத்திரிக்கு ஓடினார்.

குழந்தை பிழைத்தது. புருசனின் சிரப்பில் இருந்த கோடீன்தான் மூச்சை அடக்கியது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நின்றே போயிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம்.

3. அதற்குப் பிறகு

பிறகு ஒருநாள் செல்வி வந்தாள். "தலவலி மாத்திர குடுண்ணே. எனக்குத்தான். இருந்தாலும் இந்தா, புள்ளையப் பாத்துக்க!" என்று இடுப்பிலிருந்த பையனைத் தூக்கிக் காட்டினாள். முதலாளி பையனை நிதானமாகப் பார்த்துவிட்டுத்தான் மாத்திரையை எடுத்தார்.

ஒரு கட்டுப்பாடு வரும்போது எல்லோருக்கும் எரிச்சல்தான் வரும். அது யாரைக் காப்பாற்றியது என்பது பிறகுதான் தெரியும். இப்போது சிதம்பரத்தில் நான் நிற்கிற கடையிலும் குழந்தையைக் காட்டச் சொல்கிறேன். திட்டுகிறார்கள். திட்டிக்கொண்டே தூக்கி வரட்டும்.