துத்திக் கீரையும் உலக வரலாறும்

எனக்கு எழுதப் படிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல என் பேத்திதான் இதை எழுதுகிறாள். "இந்த எடத்த விட்டுடலாம் ஆயா, மானம் போவுது" என்று நடுநடுவே கெஞ்சுகிறாள். விட மாட்டேன். அந்த இடம்தானே ருசி.

இவள் என் மகளின் மகள். சிதம்பரத்தில் பதினொன்றாவது படிக்கிறாள். மகள் ஆஸ்பத்திரியில் நர்ஸ். மருமகனுக்குக் கப்பலில் வேலை, வருஷத்தில் பாதி நாள் தண்ணீரில்தான். வீட்டில் ஆள் வேண்டுமே என்று கடலூர் ஓட்டியில் இருந்த நான் பெட்டியோடு இங்கே வந்துவிட்டேன். ஓட்டி என்றால் ஓல்ட் டவுன். எங்கள் ஊர்க்காரர்கள் யாரும் அதை முழுசாகச் சொல்வதில்லை. சிதம்பரத்தில் எனக்கு எல்லாமே பிடித்திருக்கிறது, மீனைத் தவிர. ஐஸில் கிடந்த மீனுக்கு முகமே மாறிப்போயிருக்கும்.

பேத்தி பத்தாவது வரை தமிழ் மீடியம். புதிதாகச் சேர்ந்த பள்ளிக்கூடத்தில் உலக வரலாறு என்று ஒரு வகுப்பு உண்டு. பள்ளிப் பிள்ளைகளுக்குக் காலேஜ் பாடமாம், புத்தகம் பூராவும் இங்கிலீஷ். முதல் நாளே நாலு பக்கம் காகிதம் கொடுத்து வீட்டில் கையெழுத்து வாங்கிவரச் சொன்னார்கள். மகள் பார்த்தும் பார்க்காமலும் போட்டுவிட்டு டியூட்டிக்கு ஓடினாள். நான் விடவில்லை.

"அதுல இன்னா எழுதியிருக்கு, படி."

"வாரத்துக்கு ஒரு பாடம் நாங்களே வீட்ல படிச்சுட்டு வரணும். மிஸ் படிச்சுக் காட்ட மாட்டாங்க."

"அப்ப மிஸ்ஸுக்கு இன்னாதான் வேல?"

"கேள்வி கேப்பாங்க."

"அது நல்ல உத்தியோகமா இருக்கே!"

"குறுக்க பேசாத ஆயா. மனப்பாடம் பண்ணி எழுதக் கூடாது. அடுத்தவங்களப் பாத்து எழுதக் கூடாது. ஒரு நாள் லேட்டானாலும் வாங்க மாட்டாங்க. மொதக் கட்டுரை சரியில்லன்னா சாதாரண வகுப்புக்கு மாத்திடுவாங்க."

கடைசி வரியில் அவள் குரல் இறங்கிப்போனது. அந்த வகுப்பில் தமிழ் மீடியத்திலிருந்து போனவள் இவள் ஒருத்திதான். ஆனாலும் அதை விட அவளுக்கு மனசில்லை. சின்ன வயசிலிருந்து அவள் அப்பா போகிற துறைமுகத்தையெல்லாம் சுவரில் ஒட்டிய மேப்பில் புள்ளி வைத்துக் காத்திருந்தவள். அந்த வழியில் முதலில் யார் போனார்கள், ஏன் போனார்கள் என்று கேட்டு எங்களைப் பிய்த்து எடுப்பாள். எங்களுக்கு என்ன தெரியும்?

முதல் கட்டுரையின் தலைப்பு, கடல் வியாபாரம் சாதாரண ஜனங்களின் வாழ்க்கையை எப்படி மாற்றியது என்பது. கொடுக்க வேண்டிய நாள் திங்கட்கிழமை. அதற்கு முந்தின செவ்வாய்க்கிழமை சாயந்திரம் இவள் சிநேகிதியிடம் போனில் பேசியது என் காதில் விழுந்தது.

"உக்காந்து உக்காந்து இடுப்பே போச்சுடி. எல்லாம் இந்த மூலத்தாலதான். மிஸ்கிட்ட சொல்லவும் கூச்சமா இருக்கு. திங்கக்கிழமக்குள்ள சரியாவலன்னா நான் அவ்ளோதான்."

யேசுவே! பதினாறு வயசுப் பிள்ளைக்கு மூலமா? கேட்டால் வெட்கப்படுவாள் என்று வாயை மூடிக்கொண்டேன். கையை மூடிக்கொள்ளவில்லை. மூலத்துக்குக் கைகண்ட மருந்தாச்சே என்று வாய்க்கால் ஓரமாகத் துத்திக் கீரை பறித்து, சின்ன வெங்காயம் போட்டு விளக்கெண்ணெயில் வதக்கினேன். மறுநாள் கருணைக்கிழங்கு மசியல். மிளகாயைத் தூக்கி மேல் அலமாரியில் வைத்தேன். அவள் நாற்காலியில் ஒரு தலையணையையும் போட்டேன்.

"இன்னா ஆயா, சாம்பார் சப்புனு இருக்கு?"

"காரம் ஆவாது. சாப்புடு."

"யாருக்கு ஆவாது?"

"பேசாம சாப்புடு."

வெள்ளிக்கிழமை வரை பிள்ளை முகம் தெளியவில்லை. எழுதுவாள், கிழிப்பாள். எனக்குப் பொறுக்கவில்லை. நாலு நாள் தவணை கேட்டுப் பார்ப்போம் என்று சொல்லாமல் கொள்ளாமல் பள்ளிக்கூடத்துக்குப் போனேன். போகிற வழியில் பறித்த கீரையும் பையில் இருந்தது. மிஸ் வராந்தாவுக்கு வந்தார். சின்ன வயசு, சிரித்த முகம்.

"மிஸ், எம் பேத்திக்கு மூலம்" என்றேன் மெதுவாக.

அவர் முகம் மலர்ந்தது. "கெடச்சிடுச்சா?"

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. "கெடச்சிடுச்சான்னு கேக்கறீங்களே! புள்ள உக்கார முடியாம தவிக்குது."

"அவ்ளோ சந்தோஷமா? மூணு கேட்டிருந்தேன்மா. ரெண்டுதான் வச்சிருந்தா. மூணாவது உங்க ஊர்லேருந்தே இருக்கட்டும்னு சொன்னேன். கடலூர்ல இல்லாததா?"

"இருக்குதுதான் மிஸ், யாரு இல்லன்னா. குறிஞ்சிப்பாடியில எங்க அண்ணனுக்கே இருந்துச்சு. ரெண்டு தடவ ஆப்பரேஷன் பண்ணி எடுத்தாங்க."

மிஸ் என்னைப் பார்த்தார். பையில் எட்டிப் பார்த்த துத்தியைப் பார்த்தார். அப்புறம் தூணைப் பிடித்துக்கொண்டு சிரித்தார் பாருங்கள், உள்ளேயிருந்து வேறு டீச்சர் வந்து என்னமோ ஏதோ என்று பார்க்கும்படி ஆகிவிட்டது.

அவர் கண்ணைத் துடைத்துக்கொண்டு விளக்கினார். "அந்தக் காலத்து ஆளுங்க அப்பவே எழுதி வச்சது, செதுக்கி வச்சது, அதத்தான் மூலம்னு சொன்னேன். பின்னால வந்தவங்க சொன்னது சேராது. இங்கிலீஷ்ல சொன்னா உங்க பேத்தி மெரளுறா. அதான் தமிழ்ல சொன்னேன்."

"அப்ப ஒடம்புக்கு ஒண்ணுமில்லியே?"

"ஒண்ணுமில்ல."

"அவள வேற வகுப்புக்கு அனுப்பிடாதீங்க மிஸ்."

"கட்டுரையப் பாக்காம நான் எதுவும் சொல்ல முடியாதும்மா. எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்."

சரி, நியாயம்தான். வீட்டில் நடந்ததைச் சொன்னேன். பேத்தி தலையணையை எடுத்து முகத்தில் வைத்து அழுத்திக்கொண்டாள். அழுகிறாள் என்று பயந்தேன். தோள் குலுங்கியது, ஆனால் சிரிப்புத்தான். "அதான் மூணு நாளா காரத்தக் கண்ணுலயே காட்டலியா!" என்று அலமாரியைத் திறந்தாள்.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது. "கல்லுல எழுதியிருந்தா ஆவுமா? எங்க கோயில் தோட்டத்துல ஒண்ணு கெடக்குது."

நாங்கள் மாதா கோயிலைக் கோயில் என்றுதான் சொல்வோம். சின்ன வயசில் பூசை முடிந்ததும் அந்தக் கல்லில் உட்கார்ந்து புளிச்சோறு தின்போம். அதில் எழுத்து உண்டு என்பது தெரியும். எந்த எழுத்தாக இருந்தாலும் எனக்கு ஒன்றுதானே, அதனால் என்னவென்று யாரையும் கேட்டதில்லை.

சனிக்கிழமை காலையிலேயே கடலூர் பஸ் ஏறினோம். கோயிலைப் பார்த்துக்கொள்ளும் கோயில்பிள்ளையிடம் கேட்டு, பேத்தி கல்லைப் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவினாள். மேலே வெள்ளைத்தாள் விரித்துப் பென்சிலைப் படுக்கவைத்துத் தேய்த்தாள். எழுத்து ஒவ்வொன்றாகத் தாளில் ஏறி வந்தது. பிரெஞ்சுப் பாஷையாம். போனில் போட்டுப் போட்டு அர்த்தம் பார்த்தாள். கப்பலில் கணக்கு எழுதினவர் ஒருவரின் பெண் குழந்தை, மூன்று வயசு. காய்ச்சலில் போய்விட்டது. அப்பாவுடைய கப்பல் மறுவாரமே கிளம்பியிருக்கிறது, அதையும் கல்லிலேயே செதுக்கியிருந்தார்கள்.

நான் சிலுவை போட்டுக்கொண்டேன். ஒரு குழந்தையின் மேலா இத்தனை வருஷம் சோறு தின்றோம்? "மன்னிச்சுக்க கண்ணு" என்று கல்லைத் தடவினேன்.

பேத்தி தாளைச் சுருட்டிப் பையில் வைத்தாள். அப்புறம், "கப்பல்ல இன்னா வந்துச்சு, இன்னா போச்சுன்னு புத்தகத்துல பக்கம் பக்கமா இருக்கு ஆயா. கப்பல்காரங்க யார விட்டுட்டுப் போனாங்கன்னு இதுலதான் இருக்கு" என்றாள். அங்கேயே வேப்பமரத்தடியில் நோட்டைத் திறந்து எழுத உட்கார்ந்துவிட்டாள். நான் அவளைத் தொந்தரவு செய்யாமல் துறைமுகத்துக்குப் போய் உயிர்மீனாக நாலு சங்கரா வாங்கி வந்தேன்.

திங்கட்கிழமை கட்டுரையைக் கொடுத்துவிட்டாள். அடுத்த வாரம் திரும்பி வந்தது. நீல மையைவிடச் சிவப்பு மைதான் ஜாஸ்தி.

"இன்னாடி இப்படிக் கீறி வச்சிருக்காங்க?"

"இங்கிலீஷ்ல தப்பு. வாரத்துல ரெண்டு நாள் சாயங்காலம் வந்து அவங்ககிட்ட உக்காந்து திருத்தணுமாம்."

"அப்பறம்?"

"கடைசியில ஒரே ஒரு வார்த்தை தமிழ்ல எழுதியிருக்காங்க. 'இருக்கலாம்.'"

"இருக்கலாம்னா? இருந்தாலும் இருக்கும், இல்லாட்டியும் இல்லன்னு இழுக்கறாங்களா?"

"ஐயோ ஆயா! வகுப்புல நான் இருக்கலாம்!"

இரண்டு கையாலும் என்னைத் தூக்கப் பார்த்தாள். முடியவில்லை. கட்டிலில் இரண்டு பேரும் விழுந்தோம்.