பாவு போட்ட தெருவில் ஒரு பொட்டு

“இங்க ஒண்ணும் நடக்கலையே, ஐயா.”

“இங்கதாம்மா நடந்துது.”

“லாரி மோதினது மெயின் ரோட்டு முனையில. போன மார்ச்ல. பிரவீனான்னு பன்னெண்டாவது படிச்ச பொண்ணு.”

“தெரியும்மா. பொட்டு இங்கயே இருக்கட்டும்.”

பிள்ளையார்பாளையத்துச் சமுதாயக் கூடத்தில், தரையில் விரித்த வரைபடத்தின் முன் பரசுராமனும் நானும் பேசியது இவ்வளவுதான். சாலைகளைச் சீராக்குமுன் அங்கே குடியிருப்பவர்களையே கேட்பதென்று வைத்த கூட்டம் அது. வரைபடத்தில் விபத்து நடந்த இடத்தில் ஆளுக்கொரு ஸ்டிக்கர் பொட்டு ஒட்ட வேண்டும். அவர்கள் சொல்வதை நான் எழுதிக்கொள்ள வேண்டும். எல்லோரும் மெயின் ரோட்டில் ஒட்டினார்கள். பரசுராமன் மட்டும் தன் வீட்டு வாசலில் ஒட்டினார்.

பக்கத்து வீட்டு உமாபதி எட்டிப் பார்த்தார். “யோவ் பரசு, கண்ணாடி போட்டுக்கினு ஒட்டுய்யா. நம்ம தெருவுல பொட்டு வெச்சா நாளைக்கு இங்க பாவே போடாதேன்னுவான். அப்புறம் மொட்டமாடியிலயா நீட்டுவ?”

சிலர் சிரித்தார்கள். பரசுராமன் சிரிக்கவில்லை. மெல்ல ஆரம்பித்தார்.

முப்பது வருடமாக அந்தத் தெருவில் பட்டுப் பாவு நீட்டுகிறவர் அவர். விடிந்ததும் தறிக்கான நீள இழைகளைத் தெருவோடு இழுத்துக் கட்டி, கஞ்சி தடவி, அறுந்ததை முடிய வேண்டும். காயும்வரை யாரும் பாவைத் தாண்டவோ அதனடியில் நுழையவோ கூடாது. தெருவின் இந்தப் பக்கச் சந்திலிருந்து எதிர்ச் சந்துக்குப் போகிறவர்கள் மெயின் ரோட்டைச் சுற்றித்தான் போவார்கள். அன்று பிரவீனா சைக்கிளை நிறுத்தி, “மாமா, குனிஞ்சு போயிடட்டா? பரீட்சைக்கு லேட்டாவுது” என்று கேட்டாள். கஞ்சி ஈரமாக இருந்தது. “சுத்திக்கினு போம்மா” என்றார். அவள் மணியடித்துக்கொண்டே திரும்பிப் போனாள்.

உமாபதி வரைபடத்தை விட்டு நகர்ந்து உட்கார்ந்தார்.

பொறியாளர் அருள் மட்டும் பொட்டை நகத்தால் எடுக்கப் போனார். “படிவத்துல விபத்து நடந்த இடம்னுதானே கேட்டிருக்கோம்?”

அந்தப் படிவத்தைத் தமிழில் எழுதியவள் நான். ஆங்கிலத்தில் கேட்டிருந்தது ஆபத்து தொடங்கும் இடத்தை. சுருக்கமாக இருக்கட்டும் என்று மாற்றியிருந்தேன்.

“தப்பு என்னோடது சார். பொட்டு சரியான இடத்துலதான் இருக்கு.”

அவர் கையை எடுத்துக்கொண்டார். பாவு போடத் தடையில்லை, பாவு நீட்டியிருப்பதைச் சொல்லும் அறிவிப்புப் பலகையைச் சந்து முனையில் வைப்போம் என்று முடிவானது. வாசகம் எழுதும் வேலை என்னிடம் வந்தது.

அடுத்த வாரம் காலையில் பலகைக்கு அளவெடுக்கப் போனேன். கஞ்சி தடவிக்கொண்டிருந்த பரசுராமன் சட்டென்று நின்றார். இரண்டு கைகளாலும் பாவை அடியிலிருந்து தூக்கிப் பிடித்தார். சைக்கிளோடு ஒருவர் குனிந்து போகும் உயரம். சந்து காலியாக இருந்தது. பாவின் எதிர்முனையில் உமாபதி கயிற்றைத் தளர்த்திக் கொடுத்தார். தினமும் செய்து பழகிய கை.

“மணி கேட்டுதாம்மா?” என்றார் பரசுராமன்.

எனக்குக் கேட்கவில்லை.

பாவை மெதுவாக இறக்கினார். என் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

“போர்டுல தமிழ்லயும் எழுதுவ, இங்கிலீஷ்லயும் எழுதுவ இல்ல? என்ன வேணா எழுதிக்கோ. ‘சுத்திப் போ’ன்னு மட்டும் எழுதாதம்மா.”