ஆறு மணிக்குத் தாவும் பிறை முள்

"யாரு வாங்குவா இதை?"

பினாங்கிலிருந்து திரும்பி வந்த காதர் முதலாளி பெட்டியைத் திறந்து பார்த்துவிட்டுக் கேட்ட முதல் கேள்வி இது. பெட்டிக்குள் மூன்று கைக்கடிகாரங்கள். மூன்றும் தேதி காட்டும் வாட்சுகள். சுவிஸ் கம்பெனி ஏஜெண்ட் வந்தால் சாதாரண வாட்ச் நாலு எடுத்து வை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போயிருந்தார். நான் சாதாரணத்தை விட்டுவிட்டு இந்த மூன்றை எடுத்து வைத்திருந்தேன். ஏஜெண்ட் வாயால் வித்தை காட்டுகிற ஆள். நானும் வாயைப் பிளந்துகொண்டு பார்க்கிற ஆள். இருபத்திரண்டு வயது.

"தேதி தெரியணும்னா சுவத்துல காலண்டர் தொங்குது. அதைக் கையில கட்டிக்கிட்டு எவன் அலைவான்?"

"புதுசு முதலாளி. பார்த்தா ஆசைப்படுவாங்க."

"நீ ஆசைப்பட்டே. வேற யாரு?"

அவர் கடை சிங்கப்பூரில், சிராங்கூன் ரோட்டில், தேக்கா மார்க்கெட்டுக்குப் பக்கத்தில் இருந்தது. வாட்ச் மெக்கானிக்காக என்னைச் சேர்த்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது. அதற்கு முன்னால் துறைமுகத்துக் குடோனில் அரிசி மூட்டை நிறுத்துக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்ததும் சுங்கை ரோட்டில் ஒரு சீனரின் மேஜைக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, பழைய வாட்சுகளைப் பிரித்துப் பிரித்து மாட்டி இந்த வேலையைப் பழகினேன். குடோனில் முதுகு போகும், மூக்கு முழுக்கத் தூசி. இங்கே கண்ணாடிக்குப் பின்னால் மேஜை, விளக்கு, என் பெயர் சொல்லிக் கூப்பிடுகிற ஆட்கள். இந்த மேஜையை விட்டு என்னை எழுப்பினால் அழுதுவிடுவேன் என்ற நிலையில் இருந்தேன். இதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை.

முதலாளி பெட்டியை மூடினார்.

"சூசை, நோன்புப் பெருநாளைக்குள்ள மூணும் போகணும். போனா மட்டும் பத்தாது. போனது திரும்பி வரக் கூடாது. ஒண்ணு திரும்பி வந்தாலும் நீ பழையபடி குடோனுக்கே போயிடு. என்ன?"

"சரி முதலாளி," என்றேன். வேறு என்ன சொல்ல?

நாலு இல்லாத வாட்ச்

முதல் வாட்சில் பெரிய டயலுக்குக் கீழே குட்டி டயல் ஒன்று. அதில் ஒரு குட்டி முள். இடம் போதாததால் ஒற்றைப்படை எண்களை மட்டும் அச்சடித்திருந்தார்கள். ஒன்று, மூன்று, ஐந்து என்று முப்பத்தொன்று வரை. இரட்டைப்படைக்கெல்லாம் வெறும் புள்ளி. இது கஞ்சத்தனமான டயல், இதைத் தள்ளிவிடுவதுதான் கஷ்டம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

பக்கத்து நகைக் கடைச் சீன முதலாளி, தவுக்கே என்று கூப்பிடுவோம், ஒருநாள் தன் சுவர்க் கடிகாரத்தைக் கொண்டுவந்தார். என் கண் லென்ஸை வாங்கி மாட்டிக்கொண்டு இந்த டயலை ஒரு சுற்றுப் பார்த்தார். மறுபடி ஒரு சுற்று. முகம் மலர்ந்துவிட்டது.

"அம்பாட் தக் அடா!" என்றார் பஜார் மலாயில். நாலு இல்லை!

உண்மைதான். நாலும் இல்லை, பதினாலும் இல்லை, இருபத்துநாலும் இல்லை. சீனருக்கு நாலு ஆகாத எண் என்பது எனக்குத் தெரியும். ஆனால் அதையும் டயலையும் சேர்த்துப் பார்க்கிற புத்தி எனக்கு எங்கே இருந்தது? நான் ஏதோ தெரிந்தே வரவழைத்தவன் மாதிரி தலையை ஆட்டினேன். தவுக்கே அங்கேயே கையில் கட்டிக்கொண்டு போனார்.

முதலாளி என்னைப் பார்த்தார். நான் மேஜையைத் துடைத்தேன்.

பிறை

மீதி இரண்டும் ஒரே ஜோடி. இவற்றில் தேதிக்கென்று நடுவிலிருந்து நீளமாக ஒரு நான்காவது முள். டயலின் ஓரத்தில் ஒன்று முதல் முப்பத்தொன்று வரை எண்கள். அந்த முள் தினம் ஒரு கட்டம் டக்கென்று தாவும். முள்ளின் நுனி சிவப்பாக, வளைந்து, பிறை வடிவத்தில் இருந்தது. சுவிஸ்காரன் எண் மறையாமல் இருக்கட்டும் என்று அப்படிச் செய்திருப்பான். அவன் நோக்கம் அவனுக்கு.

துணிக்கடை வைத்திருந்த நாகூர் ஹாஜியார் அதைப் பார்த்ததும் கண்ணை எடுக்கவில்லை. தமிழ் முஸ்லிம்கள் அரபு மாதத்துத் தேதியைப் 'பிறை' என்றுதான் சொல்வார்கள். ரஜப் பிறை ஐந்து, ரமலான் பிறை பத்து என்று.

"பிறையே பிறையைக் காட்டுதே தம்பி! இதை விட்டுட்டுப் போவனா நான்?"

அன்றைய பிறைக்கு முள்ளை வைத்துக் கொடுத்தேன். மறுநாளே ஹாஜியார் வந்து நின்றார்.

"என்ன தம்பி, மஃரிப் தொழுது முடிச்சாச்சு, உன் முள்ளு இன்னும் நேத்துலயே உக்காந்திருக்கு? எங்களுக்குப் பொழுது சாஞ்சா அடுத்த பிறை. இது பாதி ராத்திரியில தாவுது. பாதி ராத்திரியில என்ன இருக்கு?"

நியாயமான கேள்வி. முள் எப்போது தாவ வேண்டும் என்பது முள்ளை மாட்டுகிறவன் கையில்தான் இருக்கிறது. சாவியைத் திருப்பிக்கொண்டே போய், தேதி தாவிய அந்த நொடியில் நிறுத்தி, மணி முள்ளைப் பன்னிரண்டில் வைத்து அமுக்குவார்கள். அவ்வளவுதான் ரகசியம். நான் மணி முள்ளைக் கழற்றி ஆறில் வைத்து அமுக்கினேன். அன்றைய சிங்கப்பூர் நேரம் இப்போதைய நேரத்துக்குப் பின்தங்கி இருந்தது. சூரியன் வருஷம் முழுக்க ஆறு மணியை ஒட்டித்தான் வரும், ஆறு மணியை ஒட்டித்தான் போகும். லண்டனில் இந்த வேலை பலிக்காது. நம் ஊரில் பலித்தது.

முதலாளி அப்போது கடையில் இல்லை. நல்லவேளை.

விடிந்தால்தான் நாள்

அந்த ஜோடியில் மற்றதை வாங்கியவர் வைத்திலிங்கம் ஐயா. நில அளவை ஆபீஸில் கிளார்க், யாழ்ப்பாணத்துக்காரர். சட்டைக் காலரில் ஒரு மடிப்பு கலைந்து நான் பார்த்ததில்லை. அவர் மனைவி ஊரில் இருந்தார். அந்த அம்மா எழுதும் கடிதங்களில் எல்லாம் தை இருபது, மாசி மூன்று என்று தமிழ்த் தேதிதான் இருக்கும்.

"ஆபீசிலை முழுக்க இங்கிலீஷ் தேதி தம்பி. அவ எந்த நாளிலை இருக்கிறா எண்டு எனக்குப் பாக்க வேணும். இந்த மணிக்கூட்டிலை தமிழ்த் தேதி வைக்கலாமோ?"

"வைக்கலாம் ஐயா. எப்ப மாறணும்?"

ஒருமுறை சூடு பட்டவன் அல்லவா, முதலிலேயே கேட்டுவிட்டேன்.

"விடியாமல் எப்பிடி நாள் பிறக்கும்? சூரியன் வரவேணும்." பிறகு கொஞ்சம் யோசித்தார். "ஆனியிலை முப்பத்திரண்டு நாள் வருமே. உதிலை முப்பத்தொண்டுதானே கிடக்கு?"

வாட்சின் ஓரத்தில் ஒரு சின்ன பட்டன் இருந்தது. ஒரு தடவை அமுக்கினால் முள் ஒரு நாள் முன்னால் போகும். பின்னால் வராது. "முப்பத்திரண்டு வந்தா முள் ஒரு நாள் முந்திடும். ஒரு நாள் பின்னால போகணும்னா முப்பது தடவை முன்னால அமுக்குங்க ஐயா. சுத்திக்கிட்டு வந்துடும்," என்றேன். மனிதர் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

அவர் வாட்சிலும் மணி முள்ளை ஆறில்தான் மாட்டினேன். இங்கே ஒன்றைச் சொல்ல வேண்டும். ஆறு மணி ஒரு நாளைக்கு இரண்டு தடவை வரும். தேதி ஒரு தடவைதான் தாவும். காலை ஆறா, மாலை ஆறா என்பது நேரம் வைக்கிறவனைப் பொறுத்தது. தப்பாக வைத்துவிட்டால் முள்ளைப் பன்னிரண்டு மணி நேரம் முன்னால் சுற்றினால் மாறிவிடும். ஆக, இரண்டு வாட்சுக்கும் உள்ளே ஒரு பல் கூட வித்தியாசமில்லை. ஹாஜியாருக்கு அந்தியில் தாவும், வைத்திலிங்கம் ஐயாவுக்கு விடியலில் தாவும்.

மூன்றும் விற்றாகிவிட்டது. "பெருநாளுக்கு இன்னும் நாள் இருக்கு, பார்ப்போம்," என்றார் முதலாளி.

இருபத்தொன்றாம் பிறை

ரமலான் வந்தது. ஹாஜியார் தினமும் தன் துணிக்கடையில் நோன்பு திறக்க இருபது பேரையாவது கூட்டிவிடுவார். என்னையும் விடமாட்டார். "சூசை, நீ நோன்பு வைக்காட்டியும் கஞ்சிக்கு வந்துடணும்" என்பது உத்தரவு. பாங்கு சொல்லிப் பேரீச்சம்பழம் வாயில் போட்டதும் மணிக்கட்டை நீட்டுவார். இருபது தலை குனியும். முள் டக்கென்று தாவும். "பார்த்தீங்களா! பாங்குதான் கணக்கு. ஆனா இதுவும் கேட்டுக்கிட்டு இருக்கு பாருங்க!" என்பார். கடை முழுக்கச் சிரிப்பு. எனக்குக் கஞ்சியைவிட அதுதான் ருசி.

இருபத்தொன்றாம் பிறையன்று காலை ஹாஜியார் வாட்சைக் கொண்டுவந்தார். மழை ஈரத்தில் கண்ணாடிக்குள் ஆவி படிந்திருந்தது. சற்று நேரத்தில் வைத்திலிங்கம் ஐயாவின் வாட்சும் அதே கோளாறோடு வந்தது. இரண்டையும் பிரித்து, துடைத்து, எண்ணெய் விட்டு, தேதியை வைத்தேன். சுவர்க் கடிகாரம் பத்து மணி காட்டியது. இரண்டையும் பத்துக்கு வைத்துக் கொடுத்துவிட்டேன். காலைப் பத்தா, ராத்திரிப் பத்தா என்று ஒரு தடவை சுற்றிப் பார்த்துச் சோதிக்க வேண்டும். இரண்டு மாதம் ஒரு புகாரும் வராத மிதப்பில் சோதிக்கவில்லை. இதற்கு வேறு காரணமே கிடையாது.

சாயங்காலம் துணிக்கடை நிறைந்திருந்தது. அன்றைக்கென்று காதர் முதலாளியும் வந்து ஹாஜியாருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம் வாய்க்குள் போனது. மணிக்கட்டு நீண்டது. தலைகள் குனிந்தன.

முள் தாவவில்லை.

ஐந்து நிமிஷம் போயிற்று. ஹாஜியார் வாட்சைக் காதில் வைத்துப் பார்த்தார். "ஓடுது... ஆனா போக மாட்டேங்குது." யாரோ ஒருவர், "பிறைக்கும் நோன்புக் களைப்பு போல" என்றார். ஒருவரும் சிரிக்கவில்லை. ஹாஜியாரின் முகம் சின்னப் பிள்ளையின் முகம் மாதிரி வாடிவிட்டது. முதலாளி மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். எனக்கு அரிசி மூட்டை வாசனை மூக்கில் அடித்தது.

அந்த நேரம் பார்த்து வாசலில் வைத்திலிங்கம் ஐயா. எங்கள் கடை பூட்டியிருக்கவே விசாரித்துக்கொண்டு இங்கே வந்துவிட்டார். காலர் கலைந்திருந்தது.

"தம்பி! என்ட மணிக்கூடு விடிய முதலே நாள் மாறிப்போட்டுது! இப்ப ஆறு மணிக்கு, என்ட கண்ணுக்கு முன்னாலை!"

முதலாளி தலையில் கை வைத்துக்கொண்டார். "ஒண்ணு இல்ல, ரெண்டும் திரும்பி வந்துடுச்சு," என்றார்.

எனக்கு அந்த நொடியில்தான் விளங்கியது. இருவர் வாட்சையும் நான் தலைகீழாக வைத்துக் கொடுத்திருக்கிறேன். ஓடிப்போய்விடலாமா என்று ஒரு கணம் தோன்றியது உண்மை. ஆனால் கால் ஹாஜியாரிடம்தான் போனது.

"ஹாஜியார், தப்பு வாட்சுமேல இல்ல. என்மேலதான். காலையில அவசரத்துல சோதிக்காம கொடுத்துட்டேன். கொஞ்சம் கையைக் குடுங்க."

வாட்சைக் கழற்றக்கூட இல்லை. அவர் மணிக்கட்டிலேயே சாவியை இழுத்து முள்ளை முன்னால் சுற்றினேன். ஏழு, எட்டு, ஒன்பது. தலைகள் மறுபடி குனிந்தன. பன்னிரண்டு, ஒன்று, இரண்டு. ஐந்து. ஆறைத் தொட்டது.

டக்!

சிவப்புப் பிறை இருபத்திரண்டில் போய் நின்றது.

"சுப்ஹானல்லாஹ்!" என்று ஹாஜியார் எழுந்தே விட்டார். கடை அதிர்ந்தது.

வைத்திலிங்கம் ஐயா தன் கையை நீட்டினார். "என்டது?" அவருடையதையும் பன்னிரண்டு மணி நேரம் சுற்றினேன். ஆனால் அவருக்குத் தேதி ஒன்று கூடிப்போயிருந்தது. மாசி பதினாலில் நிற்க வேண்டிய முள் பதினைந்தில் நின்றது. பின்னால் வராத முள். அவரே சொன்னார்:

"முப்பது தரம் அமத்த வேணும், என்ன?"

"ஆமாம் ஐயா."

ஹாஜியார் அவரைப் பிடித்து உட்கார வைத்தார். கையில் கஞ்சிக் கோப்பையைக் கொடுத்தார். "நீங்க குடிங்க. தம்பி அமுக்கட்டும். நாங்க எண்ணுறோம்." நான் அமுக்க ஆரம்பித்தேன். ஒண்ணு, ரெண்டு என்று இருபது பேரும் எண்ணினார்கள். பத்துக்கு மேல் கைதட்டு சேர்ந்துகொண்டது. தெருவில் போனவர்கள் ஏலமோ என்று எட்டிப் பார்த்தார்கள். இருபதில் வைத்திலிங்கம் ஐயாவும் கஞ்சியை வைத்துவிட்டு எண்ணத் தொடங்கினார். "முப்பது!" என்று கூரை போகிற மாதிரி ஒரு சத்தம். முள் மாசி பதினாலில் நின்றது. "இப்ப அவவும் நானும் ஒரே நாளிலை," என்று ஐயா மெல்லச் சொன்னார். என் கண் நிறைந்துவிட்டது.

அன்று கலைவதற்குள் மூன்று பேர் பிறை முள் வாட்ச் வேண்டும் என்று முதலாளியிடம் சொல்லிவிட்டார்கள்.

எனக்குப் பின்னால் இந்த வேலைக்கு வரும் தம்பிகளுக்கு நான் சொல்வது இதுதான். தப்பு நடந்தால் வாட்சின்மேல் போடாதீர்கள், நம்பமாட்டார்கள். வைத்த நேரத்தை ஒரு சுற்று சுற்றிப் பாருங்கள். அதற்கும் முன்னால், தேதி வாட்ச் கேட்டு வருகிறவரிடம் உங்களுக்கு நாள் எப்போது பிறக்கிறது என்று ஒரு வார்த்தை கேளுங்கள். ஒவ்வொருவரும் அதற்கு ஒரு பதில் வைத்திருக்கிறார்கள். சொல்லும்போது அவர்கள் முகத்தைப் பார்க்க வேண்டும்.

துணிக்கடையை விட்டு இறங்கி முதலாளியும் நானும் நடந்தோம். எங்கள் கடை வாசல் வரை அவர் முன்னால் போனார். ரெண்டும் திரும்பி வந்துவிட்டதே, வார்த்தை வார்த்தைதானே என்று நான் மனசுக்குள் குடோனுக்கு நடந்துகொண்டிருந்தேன். அவர் பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டுத் திரும்பினார்.

"ஏன் சூசை, ஹாஜியாருக்கு அந்தியில நாள் மாறுது, அந்தக் கிளார்க்குக்கு விடியல்ல. உனக்கு எப்போடா மாறும்?"

"நீங்க கடை திறக்கிறப்போ, முதலாளி."

சாவிக் கொத்தை எடுத்து என் கையில் வைத்தார்.

"அப்போ நாளையிலேருந்து நீயே திற."