கிடாரத்தின் முன் முக்காடிட்டு நின்றவர்

சபையார் என் கோணல் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ள வேண்டும். இந்த வயதில்தான் எழுத்துப் படித்தேன். ‘ழ’ எழுதினால் அதன் வால் அடுத்த வரியில் போய் இடிக்கிறது. ஆனாலும் நானே எழுதுகிறேன் என்ற சந்தோஷத்தை, இந்தத் துக்கத்திலும் மறைக்க முடியவில்லை.

செவ்வாய்க்கிழமை காலையில் சிலேட்டோடு உட்கார்ந்திருந்தேன். கோயில் மணி அடிக்கிறவர் வேலிக்கு வெளியே நின்று, “பாட்டா, சாறாள் அம்மை போயிட்டாவ” என்றார். நான் சிலேட்டைத் துடைத்து அவர்கள் பெயரை எழுதினேன். யாரும் சொல்லித்தராமல் நான் எழுதிய முதல் பெயர் அது.

அவர்களை அறியாதவர்களுக்குச் சொல்கிறேன். எங்கள் மிஷன் ஆஸ்பத்திரியில் ஆப்பரேஷனுக்கு வேண்டிய துணிகளையும் கத்திகளையும் கொதிக்கவைப்பது சாறாள் அம்மாளின் வேலை. விறகும் கிணற்று வெள்ளமும் கொண்டுகொடுப்பது என் வேலை. அடுப்பு மூட்டுமுன் கோயிலுக்குள் நுழைகிறவர்போல முக்காடு போடுவார்கள். கடிகாரம் பார்க்கத் தெரியாது. அண்டாப்போன்ற அந்தப் பெரிய கிடாரம் தளதளவென்று கொதித்ததும், வேதத்திலிருந்து மனப்பாடமான ஒரு சங்கீதத்தைத் தொடங்குவார்கள். அதை மூன்று தடவை முழுதும் சொன்னபிறகுதான் இறக்குவார்கள். டாக்டர் துரை தம் கடிகாரத்தில் பார்த்து, அந்த நேரம் போதும் என்று சொல்லியிருந்தார்.

ஒருநாள் உபதேசியார், “ஞாயிற்றுக்கிழமை ஆராதனையில காணல்லையே அம்மை?” என்று கேட்டார்.

“ஆராதனையிலதான் நின்னேன் உபதேசியாரே. உம்ம பிரசங்கம் முடியதுக்குள்ள நாலு கிடாரம் இறக்கியாச்சு.”

பிறகு ஒரு ஐப்பசி மழை. என் மனைவி நேசம்மாள், வயிற்றுக்குள் கட்டி உடைகிற நிலையில் ஆப்பரேஷன் மேஜையில் கிடந்தாள். விறகை மூடிவைக்காமல் நனையவிட்டவன் நான். மூன்றாம் தடவை சங்கீதம் பாதி போயிருக்கும், தீ அமர்ந்து கொதி நின்றுவிட்டது. சாறாள் அம்மாளும் நிறுத்தினார்கள். நான் ஊதி ஊதி மறுபடி கொதி வந்தது. அவர்கள் முதல் தடவையின் முதல் வரியைத் தொடங்கினார்கள்.

கம்பவுண்டர் ஓடிவந்தார். “துணி எங்க? துரை கைகழுவி நிக்காரு.”

“அக்கச்சி, வெந்தது போதும், எடுங்க. அவ செத்திருவா” என்று சொல்லி இடுக்கியைப் பிடித்தேன். விறகுக்கொள்ளியால் என் கைமேல் ஒன்று வைத்தார்கள். அந்தத் தழும்பு, இதை எழுதுகிற கையில் இருக்கிறது.

“அரைவேக்காட்டை ஆண்டவருக்கு முன்னால வைக்கச் சொல்லுதீரா? அதுவும் உம்ம பெண்டாட்டி வயித்துக்குள்ளயா? நனைஞ்ச விறகு கொண்டாந்தவரு நீரு. ஊதும் ஓய்.”

ஊதினேன். ஒரு வார்த்தையைக்கூட அவர்கள் விழுங்கவில்லை, வேகமாகவும் சொல்லவில்லை. அவர்களை அன்று வெறுத்தேன். மூன்றாம் தடவை முடிந்ததும் கிடாரத்தை இறக்கினார்கள். கம்பவுண்டர் துணியோடு ஓடினார். அதன்பிறகுதான் அவர்கள் என் சூடுபட்ட கையில் வெள்ளம் ஊற்றினார்கள்.

அறுத்த புண்ணில் சீழ் பிடித்தால் மூன்றாம் நாள் காய்ச்சல் வரும். வந்தால் பிழைப்பது அரிது. மூன்றாம் நாள் அவர்களே வந்து நேசம்மாளின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார்கள். குளிர்ந்திருந்தது. முக்காட்டை இழுத்துவிட்டு அடுப்படிக்குப் போனார்கள்.

அடக்கத்தன்று அந்தச் சங்கீதத்தை நான்தான் வாசிப்பேன் என்று கேட்டு வாங்கினேன். எழுத்தெழுத்தாய் விரல் வைத்து வாசித்தேன். வெயில் கடுமை. பாதியில் விரல் வழுக்கி வரி தவறிப்போயிற்று.

“பாட்டா, தெரிஞ்ச இடத்திலேருந்து வாசியும். ஆளுங்க நிக்காவ” என்றார் உபதேசியார்.

பின்னாலிருந்து நேசம்மாள் சொன்னாள்: “முதல்ல இருந்தே வாசியுங்க. நான் நிப்பேன்.”

முதலிலிருந்து வாசித்தேன். ஒருவரும் அசையவில்லை. சாறாள் அம்மாளே, நான் எழுத்துக்கூட்டி வாசித்து முடிக்க ஒரு கிடாரம் இறக்குகிற நேரம் ஆகிவிட்டது. ஒரு வார்த்தையும் விடவில்லை. சமாதானத்தோடு போங்கள்.