படித்துப் பார்த்தால்தான் நம்புவார்

அண்ணி, கம்ப்யூட்டர் ஃபைல்களைப் பதிந்துவைக்கும் டேப் பெட்டியின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு நிற்கிறார், குழந்தைக்குக் காய்ச்சல் இருக்கிறதா என்று பார்ப்பதுபோல. டேப் ஒழுங்காக ஓடினால் கைக்கு மெல்லிய நடுக்கம்தான் தெரியுமாம். கொஞ்சம் போய், நின்று, பின்னால் வந்து, மறுபடி போனால் எழுத முடியாமல் திணறுகிறது என்று அர்த்தம். திரையில் ‘ரைட் எரர்’, அதாவது எழுதுவதில் பிழை, என்று சிவப்பாக வருவதற்குள் அவர் முணுமுணுக்கத் தொடங்கிவிடுவார். “ஆரம்பிச்சுட்டான் பாரு சண்டித்தனத்தை.”

அவர் என் அண்ணன் மனைவி. எனக்கும் அவருக்கும் ஒரே மருத்துவமனையில் வேலை. நான் வாசலில் வரவேற்பு மேஜையில், அவர் உள்ளே கம்ப்யூட்டர் அறையில். பழைய நோயாளிகளின் ஃபைல்களை ஸ்கேன் செய்து டேப்பில் ஏற்றுவது அவர் பொறுப்பு. ஏற்றியதும் கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்து இடம் பண்ணுவார்கள். காகிதமும் கிழிக்கும் மெஷினுக்குப் போய்விடும். அதன் பிறகு அந்த நோயாளிக்கு என்ன வந்தது, என்ன கொடுத்தார்கள் என்பது டேப்பில் மட்டும்தான் இருக்கும்.

ரைட் எரர் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று அண்ணியிடம் ஒரு வரிசை உண்டு. “மொதல்ல வேற டேப் போட்டுப் பாரு. அப்பவும் வந்தா க்ளீனிங் டேப்பை ஓடவிட்டு, எழுதுற தலையைத் துடை. அப்புறம் கேபிளைக் கழட்டி மாட்டு. எதுக்கும் மசியலேன்னாத்தான் மனுஷங்களைத் திட்டணும்.” சொல்வது இப்படி. அவர் மட்டும் கடைசியிலிருந்து ஆரம்பிப்பார்.

எழுதி முடிந்தது என்று திரை சொன்னாலும் நம்பமாட்டார். ஏதாவது ஒரு ஃபைலைத் திரும்ப எடுத்து, முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்துப் பார்த்த பிறகே அந்த டேப்பை அலமாரியில் வைப்பார். வீட்டிலும் இந்தக் கதைதான். அண்ணன் கதவைப் பூட்டிவிட்டேன் என்றால் இவர் போய்ப் பூட்டை இழுத்துப் பார்ப்பார். குழம்பு பிரமாதம் என்று அவன் சொன்னால், “எந்தக் குழம்பு?” என்று கேட்பார். பேப்பரிலிருந்து தலையை எடுக்காமல் பாராட்டும் என் அண்ணன் அங்கேதான் மாட்டிக்கொள்வான்.

அண்ணியின் பரம வைரி எங்கள் நிர்வாக அதிகாரி. எதைக் கேட்டாலும் “ஆச்சு, ஆச்சு” என்பதால் அவர் எங்களுக்கு ஆச்சு சார். கிழிக்கும் மெஷினின் சத்தம் அவருடைய ஃபோன் பேச்சுக்கு இடைஞ்சலாம். அதைக் கொண்டுபோய் டேப் பெட்டிக்குப் பக்கத்திலேயே வைக்கச் சொல்லிவிட்டார்.

“பேப்பர் தூசு பூரா அந்தத் தலையிலதான் சார் ஒட்டுது. எரர் வராம என்ன செய்யும்?” என்று அண்ணி போய்ச் சண்டை போட்டார்.

“மெஷினுக்கு மெஷின் துணை மேடம்” என்று அவர் சிரித்தார்.

காலையில் அண்ணி அதை நடைக்குத் தள்ளிவிடுவார். மதியத்துக்குள் அது திரும்ப உள்ளே வந்திருக்கும். டேப்பில் ஏறிவிட்டது என்று நம்பிக் காகிதத்தைக் கிழிக்கிறார்கள். அந்தக் காகிதத்தின் தூசுதான் டேப்பில் ஏறவிடாமல் தடுக்கிறது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய படிப்பு வேண்டுமா என்ன? காது வேண்டும், அவ்வளவுதான்.

போன மாதம் படியில் கால் பிசகி அண்ணி வீட்டோடு கிடந்தார். அந்த நாட்களில் வேறொரு ஆள் ஃபைல்களை ஏற்றினார், ஒரு எரர்கூட வரவில்லை. “உங்க அண்ணி இல்லேன்னா மெஷின் எவ்வளவு சமத்தா இருக்கு பாத்தீங்களா?” என்று ஆச்சு சார் என்னைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். வீட்டில் வந்து சொன்னேன். அண்ணி சிரிக்கவில்லை. “துடைக்காம எப்படித் தம்பி சரியாகும்?” என்றார். மறுநாள் நொண்டிக்கொண்டே வேலைக்கு வந்துவிட்டார்.

அன்றைக்குத்தான் அந்த அம்மாள் வந்தார், மகளைச் சக்கர நாற்காலியில் வைத்துத் தள்ளிக்கொண்டு. சிறுமிக்குத் தொடை எலும்பில் ஆபரேஷன். சின்ன வயதில் இங்கே மயக்க மருந்து கொடுத்தபோது உயிர் போய் வந்ததாம். அது எந்த மருந்து என்று தெரியாமல் கத்தி வைக்கமாட்டேன் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பழைய ஃபைலைக் கேட்க அந்த அம்மாளை அண்ணியிடம் அழைத்துப் போனேன்.

அண்ணி இல்லாத நாட்களில் ஏற்றியவற்றின் பட்டியலில் சிறுமியின் பெயர் இருந்தது. டேப்பில் ஃபைல் இல்லை. அண்ணி அடுத்த பெயரைத் தேடினார், அதுவும் இல்லை. அதற்கடுத்ததும் இல்லை. பிறகு செட்டிங்கைத் திறந்து பார்த்தார். எழுதியதைத் திரும்பப் படித்துச் சரிபார்க்கும் வேலையை யாரோ நிறுத்தியிருந்தார்கள். எழுத முடியாத ஃபைலை விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ, எச்சரிக்கை காட்டாதே என்றும் மாற்றியிருந்தார்கள்.

அண்ணி நேரே ஆச்சு சார் அறைக்கு நடந்தார். பின்னாலேயே நான், எனக்குப் பின்னால் அந்த அம்மாள்.

“செட்டிங்கை மாத்தச் சொன்னது நீங்களா சார்?”

“எரர் வராம பண்ணுன்னு கம்பெனி ஆளுக்கு ஃபோன் போட்டேன். பண்ணிட்டான். ஆச்சு.”

“எரர் நிக்கலை சார். அதைச் சொல்றதைத்தான் நிறுத்தியிருக்கீங்க. பேப்பர் ஃபைலெல்லாம் எங்கே?”

“கிழிச்சாச்சு. அதான் டேப்புல இருக்கே.”

அந்த அம்மாள் மெதுவாகத்தான் பேசினார். “எனக்கு மருந்துப் பேர் தெரியாது சார். பிள்ளை நீலமாப் போனதுதான் தெரியும். பேரு அந்த ஃபைல்லதான் எழுதியிருந்தாங்க.”

“இது டெக்னிக்கல் பிராப்ளம்மா” என்றார் ஆச்சு சார். “ரெண்டு நாள் கழிச்சு வந்து பாருங்க.”

இரண்டு நாளில் டேப்பில் என்ன முளைக்கப் போகிறது? சத்தம் பிடிக்கவில்லை என்று மெஷினை நகர்த்தினார், எரர் பிடிக்கவில்லை என்று டேப் பெட்டியின் வாயைக் கட்டினார். இப்போது இந்த அம்மாளும் பிடிக்கவில்லை, அனுப்பப் பார்க்கிறார். நான் வாயைத் திறப்பதற்குள் அண்ணி வெளியே போய்விட்டார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு பெரிய பிளாஸ்டிக் மூட்டையை இழுத்துக்கொண்டு, காலைச் சாய்த்துச் சாய்த்துத் திரும்பி வந்தார். அவர் இல்லாத நாட்களில் கிழித்தது, குப்பை வண்டிக்காகப் பின்வாசலில் கிடந்தது. நீள நீளக் காகிதக் கீற்றுகள். ஆச்சு சாரின் மேஜைமேல் இருந்த பேனா ஸ்டாண்டையும் காலண்டரையும் ஒதுக்கி, மூட்டையைத் தலைகீழாகக் கொட்டினார். மேஜை மறைந்தது. சார் மடியிலும் கொஞ்சம் விழுந்தது.

“என்ன மேடம் இது?” என்று அவர் ஃபோனை எடுத்தார்.

அண்ணி எதிர் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, இரண்டு கீற்றுகளை எடுத்து விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்த்தார். சேரவில்லை. பிறகு எட்டி, ஆச்சு சாரின் கையிலிருந்த ஃபோனை வாங்கிக் கீழே வைத்துவிட்டு, அதே கையில் ஒரு கீற்றைக் கொடுத்தார்.