மைக் செட் வால்வும் மாமாவின் வாழ்த்துரையும்

இன்று இணையத்தில் ஒரு கிட்டார் குழுவில், ஆம்ப்ளிஃபயரில் பல்பு மாதிரி ஒளிரும் கண்ணாடி வால்வை மாற்றினால் ஒலியே வேறாகிவிடும் என்று ஒருவர் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார். "உங்களுக்கு அனுபவம் உண்டா சார்?" என்று என்னையும் கேட்டார்.

உண்டு. எழுபதுகளில், பொன்னேரியில், ஒரு கல்யாண வரவேற்பில்.

எங்கள் கச்சேரிக் குழுவில் நான் கிட்டார். என் ஆம்ப்ளிஃபயரில் இருந்தது தேய்ந்த வால்வு. சளி பிடித்த குரல்தான் வரும். பக்கத்தில் மைக் செட் முனுசாமியின் ஆம்ப்ளிஃபயர் பெட்டி. அதிலும் அதே அளவு வால்வு, ஆனால் புதுசு. அவர் சாப்பிடப் போன நேரத்தில், சூடாக இருந்த இரண்டையும் கைக்குட்டையால் பிடுங்கி மாற்றிச் செருகிவிட்டேன்.

கிட்டார் உறுமியது. எனக்கே சிலிர்த்தது.

பிறகு மாப்பிள்ளையின் தாய்மாமா வாழ்த்துரைக்கு எழுந்தார். கையில் பதினாறு பக்கம். மைக்கில் கொசு பறக்கும் சத்தம்தான் வந்தது. அவர் கை வீசிப் பேச, ஜனங்கள் நிம்மதியாகச் சாப்பிட்டார்கள். முடித்ததும் பலத்த கைதட்டல்.

முனுசாமி வந்து பெட்டியைத் திறந்தார். "இன்னாப்பா, என் வால்வ புடுங்கிகினு நீ வாசிக்கிறியா? மருவாதியா எடுத்த எடத்துல வை!"

வைத்தேன். மைக் கணீரென்றது.

மாமா முகம் மலர்ந்து எழுந்தார். "யாருக்கும் கேக்கல போல கீது. மொதல்லேர்ந்து படிக்கறேன்."

அன்று பந்தியில் இருந்த யாராவது இதைப் படித்தால், கமெண்டில் திட்டலாம். மாமாவைவிடச் சுருக்கமாக.